99 ஆண்டும் 11 மாதமும்

பெரிய ஆலைக்கு நிலம் தலைமுறைகளுக்கு உறுதி. அதற்கு உதிரிபாகம் செய்து தரும் பட்டறைக்கு அடுத்த ஆண்டே உறுதியில்லை. வளர்ச்சி மாவட்டம்தோறும் வேர்பிடிக்க வேண்டுமானால், கடைக்கும் ஷெட்டுக்கும் எழுதப்படும் வாடகைப் பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் தொழில் தொடங்க வரும் பெரிய நிறுவனத்துக்கு அரசு முதலில் தருவது நிலம். மாநில அரசின் சிப்காட் தொழிற்பூங்காவில் மனை ஒதுக்கீடு பெற்றால் 99 ஆண்டுக் குத்தகை. பத்திரம் தெளிவாக இருக்கும்; சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் மதிலுக்குள்ளேயே வந்து நிற்கும். அதை நம்பி வங்கி கடன் தரும், நிறுவனம் கோடிகளைக் கொட்டும். அதே பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தகரக் கூரை போட்ட வாடகை ஷெட் ஒன்றில், அந்த ஆலைக்கே உதிரிபாகம் கடைந்து தருகிறவர் இருக்கிறார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், நான்கு தொழிலாளர்கள். அவர் கையில் இருப்பது 11 மாத அக்ரிமென்ட்.

இந்த இரண்டு காகிதங்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் உண்மை வளர்ச்சி விகிதம் 11.19 சதவீதம். பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மின்னணுப் பொருள் ஏற்றுமதி அதே ஆண்டில் 1,465 கோடி டாலர். பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். ஆனால் இவற்றுக்குப் பின்னால் உழைக்கும் லட்சக்கணக்கான கடைகளும் பட்டறைகளும் குடோன்களும் எப்படிப்பட்ட இடத்தில், எவ்வளவு கால உறுதியோடு இயங்குகின்றன என்பதை எந்த எண்ணும் சொல்வதில்லை. நிலம் விற்றால் அதற்கு அரசின் வழிகாட்டி மதிப்பு உண்டு; தெருத்தெருவாக, சர்வே எண் வாரியாக யாரும் பார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு அப்படி ஒரு பொதுப் பட்டியல் கிடையாது. புரோக்கர் சொல்வதே சந்தை விலை, பக்கத்துக் கடைக்காரர் கொடுப்பதே ஆதாரம்.

அச்சத்தில் பிறந்த கணக்கு

ஏன் 11 மாதம்? 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 11 மாதம் என்று எழுதிவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. முத்திரைத்தாள் ஒன்றை வாங்கி, டைப்பிங் சென்டரில் நிரப்பி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. பல ஊர்களில் இன்றும் அந்த ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரும் தொகையும் மட்டுமே மாறுகின்றன.

செலவை மிச்சம் பிடிப்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு நல்ல நோக்கத்தோடு வந்தது. குடியிருப்பவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. நியாய வாடகையை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறலாம். குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு அதன் மதிப்பில் ஆண்டுக்கு 12 சதவீதம் நியாய வாடகை என்று சட்டமே வகுத்திருந்தது. ஆனால் வழக்குகள் தலைமுறை தாண்டி இழுத்தன. பழைய கடைவீதிகளில் கட்டடம் இடியும் நிலையிலும் வாடகை நூறு ரூபாய்களில் நின்ற கதைகளைக் கட்டட உரிமையாளர்கள் கேட்டு வளர்ந்தார்கள். ‘உள்ளே விட்டால் வெளியே அனுப்ப முடியாது’ என்ற அச்சம் ஊறிப்போனது. அந்த அச்சத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் 11 மாதமும் பத்து மாத அட்வான்ஸும்.

உரிமையாளர் என்றால் பெரும் பணக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடா நாட்டில் உழைத்துத் திரும்பியவர், தோட்டத்தின் ரோட்டோரப் பகுதியில் கடன் வாங்கி நான்கு ஷட்டர் கட்டிய விவசாயி என்று பலர் இருக்கிறார்கள். அந்த வாடகைதான் அவர்களுக்கு ஓய்வூதியம். அவர்களின் அச்சத்தையும் சேர்த்துத் தீர்க்காத எந்தத் திட்டமும் நிற்காது.

பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்க முடியாது. வைப்புத்தொகை மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அதோடு ‘வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்’ என்ற வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகவே பத்து மாத அட்வான்ஸ் இன்னும் வந்து போகிறது. ஆக, உரிமையாளரின் பழைய அச்சத்துக்கு இருந்த சட்டக் காரணம் பெருமளவு போய்விட்டது. அச்சம் கற்றுத் தந்த பழக்கம் மட்டும் போகவில்லை.

பட்டறைக்காரருக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு, உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை ஆண்டுக் குத்தகையாகக் கருதி, காலி செய்ய ஆறு மாத அறிவிப்பு வேண்டும் என்கிறது. கடை போன்ற மற்றவற்றுக்குப் பதினைந்தே நாள். இயந்திரத்தை இடம் மாற்றுவது எவ்வளவு பாடு என்பதை 19ஆம் நூற்றாண்டில் சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் பதிவு செய்த பத்திரம் இல்லாவிட்டால் அந்த ஆண்டுக் குத்தகைப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தெளிவாக்கிவிட்டது. பதிவுச் செலவை மிச்சப்படுத்திய பட்டறைக்காரர், தனக்கென்றே சட்டம் தந்த ஆறு மாத அவகாசத்தைத் தானே விட்டுக்கொடுத்து நிற்கிறார்.

கணபதியில் தொடங்கி திருப்பூர் வரை

கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் போனால் சந்துக்குச் சந்து லேத் சத்தம் கேட்கும். பம்ப்செட், மோட்டார், வெட் கிரைண்டர், ஜவுளி இயந்திர உதிரிபாகம், வாகன உதிரிபாகம் என்று கோவை உலகுக்கு அனுப்பும் பொருள்களின் பெரும்பகுதி ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் இந்தக் குறுங்கூடங்களைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே போகிறது. பெரிய நிறுவனம் வரைபடமும் மூலப்பொருளும் தரும். கடைசல், துளையிடல், இழைப்பு வேலை இங்கே நடக்கும். கூலி ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கணக்கு.

ஷெட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? இயந்திரத்தைக் கிரேன் வைத்துத் தூக்க வேண்டும். புதிய இடத்தில் கான்கிரீட் அடித்தளம் போட வேண்டும். மின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் கூடுதல் பளு வேண்டுமென்றால் புதிய உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ஜிஎஸ்டி பதிவிலும் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவிலும் வங்கியிலும் முகவரி மாற்ற வேண்டும். வேலை நின்ற நாள்களில் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விடும். போன ஆர்டர் திரும்பும் என்று சொல்ல முடியாது. இவ்வளவையும் கூட்டிப் பார்க்கும் பட்டறைக்காரர், உரிமையாளர் கேட்கும் வாடகை உயர்வை வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறார்.

அவர் இழக்கும் பெரிய பணம் வாடகை உயர்வில் இல்லை, வாங்காமல் விட்ட இயந்திரத்தில் இருக்கிறது. பழைய லேத்தைத் தள்ளிவிட்டு சிஎன்சி இயந்திரம் வாங்கினால் துல்லியம் கூடும், கூலி கூடும், ஏற்றுமதி வேலை எடுக்கலாம். அதற்கான கடன் ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு ஓடும். 11 மாதம் இருக்கும் இடத்தை நம்பி ஏழு ஆண்டுக் கடனில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? வங்கி மேலாளருக்கும் அதே சந்தேகம்தான். மானியத் திட்டங்களிலும் வாடகை இடம் என்றால் பெரும்பாலும் பதிவு செய்த நீண்ட காலப் பத்திரம் கேட்கிறார்கள். ஆக, அரசு ஒரு கையால் தரும் தொழில் மானியம், இன்னொரு பக்கம் ஒழுங்கான குத்தகை இல்லாததால் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சிறு தொழிலின் தொழில்நுட்பம் ஏன் மெதுவாக முன்னேறுகிறது என்று கருத்தரங்குகளில் கேட்கிறோம். பதிலின் ஒரு பாதி வாடகைப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது.

2022 செப்டம்பர் மின்கட்டண உயர்வில் நிலைக்கட்டணம் ஏறியபோது கொங்கு மண்டலத்தின் குறு, சிறு தொழில்கள் கொதித்தன. 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுதும் ஒருநாள் கதவடைப்பு நடந்தது. கோபத்தின் மையம் எளிமையானது: இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகை அது. வாடகையும் அந்த வகைதான். ஆர்டர் வற்றிய மாதத்தில் இந்த இரண்டும் சேர்ந்து கழுத்தை இறுக்குகின்றன.

திருப்பூரில் இதை 2025இல் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்ததும் பின்னலாடை ஆர்டர்கள் தள்ளிப்போயின, விலை பேரம் கடுமையானது. ஏற்றுமதி நிறுவனத்துக்கு வங்கியோடு பேச வழி உண்டு, சங்கம் உண்டு, டெல்லி வரை குரல் உண்டு. அதற்குக் கீழே பவர்டேபிள் போட்டிருப்பவர், காஜா பட்டன் அடிப்பவர், செக்கிங், அயர்னிங் எடுத்துச் செய்பவர் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் வாடகைக் கட்டடத்தில்தான் தொழில் செய்கிறார்கள். வாஷிங்டனில் போடும் கையெழுத்துக்குத் திருப்பூரின் ராயபுரத்திலும் அனுப்பர்பாளையத்திலும் வாடகை குறைவதில்லை.

மெயின் ரோட்டின் புதிய கணக்கு

மாவட்டத் தலைநகரங்களின் மெயின் ரோடுகள் கடந்த பத்தாண்டில் முகம் மாறிவிட்டன. நகைக்கடை, ஜவுளிக்கடை, செல்போன் கடை, மருந்துக்கடைச் சங்கிலிகள் ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தோடு வருகின்றன. மூன்றாண்டுக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, இத்தனை ஆண்டு வெளியேற முடியாது என்ற லாக்-இன் நிபந்தனை, வழக்கறிஞர் படித்துப் பார்த்த பத்திரம் என்று எல்லாம் முறையாக இருக்கும். உரிமையாளருக்கு நிம்மதி. அந்த நிம்மதியைத் தர முடியாத உள்ளூர்க் கடைக்காரர் மெயின் ரோட்டிலிருந்து சந்துக்கும், தரைத்தளத்திலிருந்து மாடிக்கும் நகர்கிறார். பத்து நிமிடத்தில் வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் நிறுவனங்களும் இப்போது குடியிருப்புகளுக்கு நடுவே தரைத்தள இடம் தேடுகின்றன.

செலவுப் பக்கமும் ஏறியிருக்கிறது. 2022 ஏப்ரல் சொத்துவரிச் சீராய்வில் வணிகக் கட்டடங்களுக்கு சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 150 சதவீதமும், மற்ற நகரங்களில் 100 சதவீதமும் வரி உயர்ந்தது. உயர்வைப் பல உரிமையாளர்கள் வாடகையில் ஏற்றினார்கள். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாத உரிமையாளரிடம் வாடகைக்கு இருக்கும் பதிவுபெற்ற வணிகர், வாடகைக்கான 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. மாதம் 30,000 ரூபாய் வாடகை என்றால் 5,400 ரூபாய் வரி. வணிகர் சங்கங்கள் போராடிய பிறகு, விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு விலக்கு கிடைத்தது. உள்ளீட்டு வரியை ஈடுகட்டிக்கொள்ளும் வசதி உள்ள கடைக்கு இது பணப்புழக்கச் சிக்கல் மட்டும். ஆனால் 5 சதவீத வரியில் உணவகம் நடத்துபவருக்கு உள்ளீட்டு வரி ஈடு கிடையாது. அவர் கட்டும் 18 சதவீதம் நேராகச் செலவில் சேரும். கடைசியில் அது தோசையின் விலையில்தான் வந்து நிற்கும்.

கடையோ ஷெட்டோ எடுக்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

• கட்டடத்துக்கு உரிய அனுமதி உண்டா, மின் இணைப்பு எந்த வகைக் கட்டணத்தில் இருக்கிறது, எவ்வளவு பளு கிடைக்கும் என்று முதலில் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உங்கள் தலையில் விழலாம்.

• சொத்துவரி உயர்ந்தால் யார் கட்டுவது, ஜிஎஸ்டி யார் பொறுப்பு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் பத்திரத்தில் எழுதுங்கள்.

• அட்வான்ஸ் தொகையை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்த எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதும் பத்திரத்தில் இருக்கட்டும்.

• இன்டீரியர், ஷட்டர், இயந்திர அடித்தளம் ஆகியவற்றில் எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்ல வேண்டும் என்று பட்டியல் போடுங்கள்.

• இயந்திரம் வைக்கும் தொழில் என்றால் குறைந்தது ஐந்து ஆண்டுக்குப் பதிவு செய்த பத்திரம் கேளுங்கள். வாடகை அதிகாரியிடமும் பதிவு செய்யுங்கள்.

• மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிப் பிடித்தம் உண்டா என்று கணக்கரிடம் உறுதி செய்யுங்கள்.

அரசும் ஒரு கட்டட உரிமையாளர்

தமிழ்நாடு அரசுக்கு வாடகை இடத்தின் அருமை தெரியாது என்று சொல்ல முடியாது. 1958இல் கிண்டி தொழிற்பேட்டை உருவானபோது அதன் அடிப்படை எண்ணமே அதுதான். திறமையும் துணிவும் உள்ளவரிடம் கட்டடம் கட்டப் பணம் இருக்காது. எனவே ஷெட்டை அரசே கட்டித் தரும், அவர் இயந்திரத்தில் முதல் போடட்டும். அந்தப் பேட்டையிலிருந்து கிளம்பிய சிறு தொழிலதிபர்கள்தான் சென்னையின் பொறியியல் தொழிலுக்கு அடித்தளம் போட்டார்கள். 1970இல் சிறு தொழில்களுக்கான சிட்கோவும் 1971இல் சிப்காட்டும் வந்தன. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறந்தபோது அதே எண்ணம் தகவல் தொழில்நுட்பத்துக்கு வந்தது. மின்சாரமும் இணையமும் தயாராக இருக்கும் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, மறுநாளே வேலை தொடங்கலாம். பின்னாளில் ராஜீவ் காந்தி சாலையாக வளர்ந்த அந்த நெடுஞ்சாலையின் வரலாறு ஒரு வாடகைக் கட்டடத்தில் தொடங்குகிறது.

அதன் அடுத்த கட்டமாக மினி டைடல் பூங்காக்கள் மாவட்டங்களுக்குப் போகின்றன. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அதே ஆண்டு செப்டம்பரிலும், தூத்துக்குடியில் டிசம்பரிலும் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55,000 முதல் 63,000 சதுர அடி. செலவு சுமார் 30 கோடி ரூபாய். சென்னை டைடலோடு ஒப்பிட்டால் சிறியவை. ஆனால் தஞ்சாவூரில் படித்த பெண் தஞ்சாவூரிலேயே வேலை பார்க்க வாய்ப்பு என்றால், அந்தச் சம்பளம் அந்த ஊர்க் கடையில் செலவாகும், அந்த ஊர் வங்கியில் சேமிப்பாகும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் காட்டிய பாதையும் இதுதான்.

ஆனால் கணினி வைக்கும் தொழிலுக்குக் கிடைத்த இந்த அக்கறை, லேத் வைக்கும் தொழிலுக்கு அதே வேகத்தில் கிடைக்கவில்லை. கிண்டியிலும் அம்பத்தூரிலும் சிட்கோ அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் கட்டியிருப்பது நல்ல தொடக்கம். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 706 கோடி ரூபாயில் விடுதி வளாகம் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது சிப்காட். தொழிலாளிக்குத் தங்குமிடம் இருந்தால்தான் ஆலை ஓடும் என்று புரிந்துகொண்ட அரசுக்கு, உதிரிபாகம் செய்யும் பட்டறைக்கு நிலையான கூரை இருந்தால்தான் ஆலை இந்த மண்ணில் தங்கும் என்பதும் புரியும்.

அரசின் இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கும் கோயில் கடைகளையும் இங்கே நினைக்க வேண்டும். மதுரை, கும்பகோணம், காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கோயிலைச் சுற்றித்தான் கடைவீதியே வளர்ந்தது. அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். கோயில் சொத்து குறைந்த வாடகையில் கைமாறிப் போகாமல் காக்க இந்தக் கட்டுப்பாடு தேவைதான். அதே நேரம், நியாய வாடகை நிர்ணயம் ஆண்டுக்கணக்கில் தாமதமாகி, நிலுவை மொத்தமாக ஒரு நாளில் தலையில் விழுந்தால் கோயிலுக்கும் பணம் வராது, கடைக்காரரும் மீள மாட்டார். உரிய காலத்தில் நிர்ணயித்து, உரிய காலத்தில் வசூலிப்பதே இருவருக்கும் நியாயம்.

செய்ய முடிந்தவை

முதலில் பதிவுச் செலவு. மாதம் 25,000 ரூபாய் வாடகையில் ஐந்து ஆண்டுக் குத்தகை என்றால் மொத்த வாடகை 15 லட்சம். 30 ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 20,000. கூட்டினால் சுமார் 30,000 ரூபாய். ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. உத்யம் பதிவுள்ள குறுந்தொழில்களுக்கு இதைப் பெயரளவுக் கட்டணமாகக் குறைத்தால் 11 மாதப் பழக்கம் தானாகத் தளரும். இழக்கும் வருவாயைவிட, கணக்குக்குள் வரும் வாடகையால் அரசுக்குக் கிடைக்கும் தகவல் பெரிது.

இரண்டாவது, சார்பதிவாளர் ஒரு பக்கம், வாடகை அதிகாரி ஒரு பக்கம் என்ற இரட்டை அலைச்சலை ஒரே இணைய வாசலாக்க வேண்டும். ஐந்தாண்டுக்கான மாதிரிப் பத்திரம் ஒன்றைத் தெளிவான தமிழில் அரசே வெளியிட வேண்டும். உரிய நாளில் இடம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி உரிமையாளருக்கும், அதுவரை யாரும் அசைக்க மாட்டார்கள் என்ற உறுதி வாடகைதாரருக்கும் அதில் இருக்க வேண்டும். தகராறு வந்தால் வாடகை நீதிமன்றம் சட்டம் எதிர்பார்க்கும் வேகத்தில் முடிக்க ஆள்பலம் வேண்டும். வைப்புத்தொகையின் மூன்று மாத வரம்பை, குறுந்தொழில் அளவிலாவது, விலக்கில்லாத வரம்பாக்க வேண்டும். அட்வான்ஸில் முடங்கும் ஏழு மாத வாடகை, பட்டறைக்காரரின் நடைமுறை மூலதனமாகத் திரும்பும்.

மூன்றாவது, கோவை, திருப்பூர், ஓசூர், கரூர், சேலம், ராணிப்பேட்டை போன்ற தொழில் நகரங்களில் பட்டறைகள் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு அருகிலேயே வாடகைக்கான தொழிற்கூடங்களை சிட்கோ கட்ட வேண்டும். விற்பனைக்கு விட்டால் அவை கைமாறி, கடைசியில் உள்வாடகைக்கே போகும். வாடகைக்கு மட்டும் என்று இருந்தால், இன்று 25 வயதில் தொழில் தொடங்கும் இளைஞருக்கும் பத்தாண்டு கழித்துத் தொடங்கும் இளைஞருக்கும் அதே கதவு திறந்திருக்கும்.

நான்காவது, வாடகைக் கணக்கெடுப்பு. வாடகை அதிகாரிகளிடம் பதிவாகும் ஒப்பந்தங்களிலிருந்து, தனிநபர் விவரங்களை நீக்கி, வட்டம் வாரியாக, கடை, குடோன், தொழிற்கூடம் என்று பிரித்து, காலாண்டுக்கு ஒருமுறை சராசரி வாடகையை வெளியிடலாம். எந்த ஊரில் வாடகை ஏறுகிறது, எங்கே ஷட்டர்கள் மூடிக் கிடக்கின்றன என்று தெரிந்தால், அடுத்த தொழிற்கூடத்தை எங்கே கட்டுவது என்ற கேள்விக்கு ஊகத்தை நம்ப வேண்டியதில்லை. பெரிய முதலீடுகளுக்காக நடக்கும் ஒவ்வொரு மாநாட்டுக்கும் அரசு காட்டும் உழைப்பில் ஒரு சிறு பங்கு போதும் இதற்கு.

தொழிற்கூடங்கள் கட்டுவதைத் தவிர, இவற்றில் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. முத்திரைத்தீர்வைக் குறைப்புக்கு ஓர் அரசாணை போதும். அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.